இல்லாத வாடை

கடையில் அவளை எல்லோரும் திருகாணி என்றுதான் கூப்பிட்டார்கள். அது மூக்குக் கண்ணாடிக் கடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியிலிருந்து எறும்புத் தலை அளவு திருகாணி ஒன்று கழன்று தரைவிரிப்பில் விழுந்தது. "போனா போகுது, வேற மாட்டிக்கலாம்" என்று மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். இவள் மண்டிபோட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துத் தேடி, அதை எடுத்துக்கொண்டுதான் எழுந்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

வேலையில் கெட்டிக்காரி. ஆளை உட்காரவைத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, ஒரு கருவிழிக்கும் மற்றதுக்கும் எவ்வளவு தூரம் என்று அளப்பாள். கண்ணாடிச் சட்டத்தின் காலைச் சூடு காட்டி இளக்கி, வளைத்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டு அழுத்துகிறதா என்று தடவிப் பார்ப்பாள். பாதிப் பேருக்கு ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயும்தான் இருக்கும். அதை அவர்களிடம் சொல்ல மாட்டாள். கண்ணாடியின் ஒரு காலை மட்டும் நூலளவு இறக்கிக் கொடுத்துவிடுவாள். அவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தங்கள் முகம் நேராகத்தான் இருக்கிறது என்ற திருப்தியோடு போவார்கள்.

அப்படி ஊரார் மூச்சுக்காற்று முகத்தில் பட நின்று வேலை பார்த்தவள். வெங்காயம் தின்றவர், பல் சொத்தையானவர், சிகரெட் பிடித்துவிட்டு நேரே வந்து உட்காருகிறவர் என்று எல்லோருடைய வாடையும் அவளுக்கு அத்துப்படி. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

குடல் புண் பல வருஷமாக இருந்தது. மாத்திரையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அது ஓட்டையாகிவிட்டது. ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். மயக்கம் தெளிந்தபோது வயிற்றின் ஓரத்தில் குடலின் நுனியை வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். இனிமேல் மலம் அந்தப் பையில்தான் வந்து விழும். திரும்ப உள்ளே வைத்துத் தைக்க வழியில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

முதல் தடவை பையை எடுத்துப் பார்த்தபோது அவளுக்குத் தன் உடம்பே குமட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புண் பார்க்கும் நர்ஸ் விடவில்லை.

"பாருங்கம்மா. கன்னத்துக்கு உள்பக்கம் எப்படி இருக்கு? சிவப்பா, ஈரமா. இதுவும் அதே மாதிரிதான். சிவப்பா இருந்தா சந்தோஷப்படுங்க. கறுத்தா ஓடி வாங்க."

"நாறுமே?"

"பைய ஒழுங்கா ஒட்டினா நாறாது. மாத்தும்போது நாறும். நாங்க போனா நாறலையா?"

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்த அன்று பையை மாற்ற உதவுகிறேன் என்று வீரமாக உட்கார்ந்தார். பாதியில் எழுந்து கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து, "எங்க விட்டோம்?" என்றார். ஒரு மாதத்தில் அவரே பழகிவிட்டார். டிவியில் செய்தி ஓடும்போது அவள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டால், "அரசியல்வாதிக்கு உன் வயிறு நல்லா பதில் சொல்லுது" என்பார். அவள் சிரித்துவிடுவாள். தன் உடம்பின்மேல் இருந்த அருவருப்பு அப்படித்தான், எப்போது போனது என்று தெரியாமலே போனது.

தேறியதும் கடைக்குத் திரும்பினாள். போகிற முதல் நாளே மேலாளரைத் தனியாகப் பார்த்தாள். அவரை முதுகுக்குப் பின்னால் பாகு என்பார்கள். பேச்சு அப்படி ஒழுகும். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"சார், எனக்குப் பாத்ரூம் போக அப்பப்ப கொஞ்சம் நேரம் வேணும். மத்தபடி வேலையில ஒண்ணும் குறையாது. இது உங்களோட இருக்கட்டும்."

"ஐயோ, என்னம்மா, இதப் போய்... நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் இல்லையா?" என்றார் அவர். கண்கூடக் கலங்கியது. அவள் வெளியே போனதும் மேஜைமேல் இருந்த கிருமிநாசினியைக் கையில் பிழிந்து முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டார். கதவு கண்ணாடிக் கதவு என்பது அவர் நினைவில் இல்லை.

மறுநாளைக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே அவளை வாடிக்கையாளர் பகுதியிலிருந்து எடுத்து, பின்னால் லென்ஸ் தேய்க்கிற அறையில் போட்டார்கள். "உங்க நல்லதுக்குத்தாம்மா. நின்னுக்கிட்டே இருக்க வேணாம் பாருங்க" என்றார் பாகு. நிற்க முடியுமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் இடத்துக்கு வந்தவள் பவுடர். முகத்தில் மாவு மாதிரி அப்பிக்கொண்டு வருவதால் வந்த பெயர். திருகாணியிடமே தொழில் கற்றுக்கொண்டவள், மத்தியானம் அவள் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறவள், வாய்க்கு வாய் அக்கா என்கிறவள்.

"நான் கேக்கலக்கா. அவரே குடுத்துட்டாரு," என்றாள் பவுடர். சொல்லும்போதே ஒரு எட்டுப் பின்னால் போனாள். அந்த ஒரு எட்டு திருகாணியின் கண்ணில் பட்டது.

பின்னறையில் ஏற்கெனவே இருந்தவர் லென்ஸ் மாஸ்டர். வயதானவர். முந்தைய வருஷம் மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். அவருக்காகக் கேக் வெட்டினார்கள். கால் நீட்ட ஒரு முக்காலி வாங்கிப் போட்டார்கள். பின்னறை வழுக்கும் என்று அவரைக் கொஞ்ச நாள் முன்பக்கம் கொண்டுவந்து, ஏசி காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். கால் ஒடிந்தவரை முன்னால் கொண்டுவந்த அதே ஆட்கள்தான் குடல் கெட்டவளைப் பின்னால் தள்ளினார்கள்.

பின்னறையில் ஒரு விஷயம் உண்டு. பவர் அதிகமுள்ளவர்களுக்குப் போடும் மெல்லிசு லென்ஸைத் தேய்க்கும்போது அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் கிளம்பும். அந்தப் பிளாஸ்டிக்கின் குணம் அது. கடையில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். "மாஸ்டர், என்ன, காலையில பலமா?" என்று வருஷக்கணக்கில் கேலி செய்திருக்கிறார்கள். அந்த நாற்றம் இப்போது திடீரென்று அவளுடையதாகிவிட்டது.

முதலில் அறை வாசலில் வாசனைத் திரவம் அடித்தார்கள். பிறகு அவள் தாண்டிப் போனதும் அடித்தார்கள். அவளுடைய டீ கோப்பை மட்டும் அலமாரியில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. ஒருநாள் அவள் பெஞ்சின்மேல் ஒரு புது வாசனை டப்பாவை வைத்து, அதன் கழுத்தில் பரிசுப் பொருளுக்குக் கட்டுகிற மாதிரி ரோஸ் நாடா கட்டியிருந்தார்கள். யாரோ உட்கார்ந்து, நாடாவை அளந்து வெட்டி, அழகாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்த முடிச்சைப் பார்த்ததும்தான் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. ஆஸ்பத்திரியில்கூட அப்படிப் புரட்டியதில்லை.

மாஸ்டர் நாடாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "நானும் பாத்துக்கிட்டுதான்மா இருக்கேன். மனசு கேக்கல" என்றார்.

"இத வெளியில சொல்லுவீங்களா மாஸ்டர்?"

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார். மெல்லிசு லென்ஸ். நாற்றம் எழுந்தது. வெளியே யாரோ வாசனைத் திரவத்தை அடிக்கிற சத்தம் கேட்டது.

வீட்டில் புருஷன் கொதித்தார். "வேலைய மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வா. என் வேன் இருக்கு."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் அதற்கு முன் ஒருதரம் கேட்டுவிடலாம் என்று இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் வக்கீலுக்கு நிரந்தர ஜலதோஷம். மூக்கு சிவந்து, பேச்சில் 'ம' எல்லாம் 'ப'வாக வந்தது. திருகாணி நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து, "கிட்ட வாங்கம்மா. எனக்கு மூக்கே கிடையாது" என்றார். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கோபமாகப் போனவள் அவர் கேட்ட கேள்விகளில் திணறினாள். யார் சொன்னது? எந்த வார்த்தையில் சொன்னார்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? எந்த வாடிக்கையாளராவது புகார் கொடுத்தாரா? உடம்புக்கு முடியாமல் லீவு போட்டுத் திரும்பி வந்த மற்றவர்களை எப்படி நடத்தினார்கள்? மாஸ்டரின் கால் கதையைச் சொன்னதும் வக்கீல் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார்.

"இதுதான் வேணும். உங்கள மோசமா நடத்தினாங்கன்னு சொன்னா மட்டும் போதாது. உங்க நிலமையில இல்லாத ஒருத்தர நல்லா நடத்தினாங்கன்னு காட்டினா வழக்கு நிக்கும்."

"மேலாளர் கெட்ட எண்ணத்துல செய்யலைன்னு சொல்லுவாருங்க. நல்லதுக்குத்தான்னு சொல்லித்தான் மாத்தினாரு."

"அவர் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தோண்டி எடுக்கறது உங்க வேலை இல்ல. என்ன செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்க, சொன்ன காரணம் நிக்குதா. அவ்வளவுதான். உடம்புதான் காரணம்னா, தேன் தடவிச் செஞ்சாலும் பாகுபாடு பாகுபாடுதான். ரகசியமாச் சொன்ன மருத்துவ விஷயத்தக் கடை பூரா பரப்பினது தனித் தப்பு."

"வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்."

"அதத்தான் எதிர்பாக்கறாங்க. அவங்களாவே போனாங்கன்னு கைகழுவிடுவாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. முதல்ல தலைமை அலுவலகத்துக்கு எழுத்துல புகார் குடுங்க. வாயால சொன்னது காத்தோட போயிடும். அவங்க சரி பண்ணலைன்னா, பாகுபாட்டு வழக்க விசாரிக்கற ஆணையத்துக்குப் போவோம். அதுக்குக் காலக்கெடு இருக்கு, பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க."

புகார் கொடுத்தாள். தலைமை அலுவலகம் விசாரித்த லட்சணம், பாகுவிடமே போன் போட்டுக் கேட்டது. எல்லோரும் ஒரு குடும்பமாகப் பழகுவதால் சில செயல்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம் என்று பதில் வந்தது. படித்ததும் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்க, அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு விடுமுறை நாள் மாறிக்கொண்டே இருந்தது. அவள் பாத்ரூமுக்குப் போனால் பாகு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வருஷம் பூராவும் வராத கண்டிப்பெல்லாம் அவளுக்கென்று வந்தது. வக்கீலிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

"புகார் குடுத்ததுக்காகப் பழி வாங்கறாங்க. அது தனிக் குற்றச்சாட்டு. முதல்ல சொன்னது நிக்காட்டிக்கூட இது நிக்கும். முட்டாளுங்க."

ஆணையத்தில் முதலில் சமரசப் பேச்சு. ஒரு நீளமான மேஜை, தண்ணீர் ஜாடி. பாகு வந்ததும் "கொஞ்சம் ஜன்னலத் திறந்துக்கலாமா? புழுக்கமா இருக்கு" என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி வக்கீல், வெள்ளைச் சட்டைக்காரர், மெல்லிய குரலில் ஒரு தொகை சொன்னார். அதை வாங்கிக்கொண்டு அவளாகவே வேலையிலிருந்து விலகிவிட வேண்டும். நடந்ததை யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

"ரெண்டு பக்கத்துக்கும் மரியாதையா முடிஞ்சுடும்" என்றார் அவர்.

தொகை சின்னதில்லை. வேனுக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. அவள் யோசிக்கத்தான் செய்தாள். நிமிர்ந்தபோது பாகு கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துப் பரிவாகத் தலையாட்டினார்.

"வேணாம்" என்றாள். "என் இடம் வேணும்."

விசாரணை அன்று வெள்ளைச் சட்டைக்காரரின் மெல்லிய குரல் காணாமல் போயிருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதக் காலி பண்ணுவீங்க?"

சொன்னாள்.

"எப்பவாவது கசிஞ்சிருக்கா?"

"வீட்டுல ஒரு தடவை. கடையில இல்ல."

"கடையில கசியவே கசியாதுன்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?"

"உங்க வயிறு என்னிக்கும் கலங்காதுன்னு நீங்க உறுதி சொல்லுவீங்களா சார்?"

யாரோ இருமினார்கள். விசாரணை அதிகாரி, நரைத்த தலையுள்ள அம்மா, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். சொன்னவர் வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பி, "நீங்களும் தேவையானத மட்டும் கேளுங்க" என்றார்.

கம்பெனியின் சாட்சியாக வந்தவள் பவுடர். புதுச் சேலை, கனத்த பவுடர். திருகாணி அக்காவிடமிருந்து வாடை அடித்ததாகவும், வேலை செய்ய முடியவில்லை என்றும் ஒப்பித்தாள். திருகாணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வாய்க்குத்தான் இத்தனை வருஷம் மத்தியானத்தில் பங்கு கொடுத்தோம் என்ற நினைப்பு வந்து, நாக்கில் உப்பு ஊறியது.

ஜலதோஷ வக்கீல் எழுந்தார். மூக்கைச் சிந்திவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"என்ன மாதிரி வாடைம்மா?"

"கெட்ட வாடைங்க. அழுகின முட்டை மாதிரி."

"எங்க வரும்?"

"பின்னாடி. தேய்க்கிற ரூம் பக்கம்."

"எப்பல்லாம் வரும்? நாள் பூராவா?"

"இல்லைங்க. மெஷின் ஓடும்போது..." சொல்லிவிட்டுப் பவுடர் பாகுவைப் பார்த்தாள்.

"இங்க பாருங்கம்மா. அவங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்த மாசங்கள்ல அந்த வாடை வந்துச்சா?"

பவுடர் புதுச் சேலையின் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்க வேலைக்குச் சேந்தப்ப?"

"வந்துச்சு" என்றாள் பவுடர், மென்று முழுங்கி. "அது லென்ஸு. எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப இவங்ககிட்டேருந்துதான்னு எப்படிச் சொன்னீங்க?"

"சார்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு."

அழ ஆரம்பித்தாள். பவுடர் கோடு கோடாகக் கரைந்து இறங்கியது. திருகாணிக்கு அதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று புருஷன் பிறகு நினைத்தார். இல்லை. கூட்டமாக உட்கார்ந்து, தெரிந்தே, ஒரு பச்சைப் பொய்யை அத்தனை மாதம் முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல இருந்தது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. பாகுபாடு நடந்தது, புகாருக்குப் பழிவாங்கலும் நடந்தது என்று அந்த நரைத்த தலை அம்மா அழுத்தமாகச் சொல்லியிருந்தார். பழைய இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும், இழப்பீடு தர வேண்டும்.

இழப்பீடு வந்தது. மன்னிப்பும் வந்தது: "தங்கள் மனம் புண்பட்டிருக்குமானால் வருந்துகிறோம்." பாகுவைக் கிளையிலிருந்து மாற்றினார்கள். நகரத்திலேயே பெரிய கிளைக்கு, இன்னும் உயர்ந்த பதவியில். மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஜெயிப்பேன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார். அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

அவள் பழைய நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் பவுடர் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"மன்னிச்சிடுக்கா. எனக்கு வேற வழி தெரியல. அவரு பயமுறுத்தினாரு."

"உன்னைப் பயமுறுத்தினாரு, சரி. அந்த ரோஸ் நாடாவக் கட்டினது யாரு?"

பவுடர் தரையைப் பார்த்தாள். "எல்லாருமா சேந்து... சும்மா விளையாட்டுக்கு."

"டீய எடுத்துட்டுப் போ."

பயிற்சி என்று ஒரு நாள் கடையைச் சீக்கிரமாக மூடினார்கள். கோட்டுப் போட்ட ஒருத்தர் திரையில் படம் காட்டி, எல்லோரும் ஒரே தோட்டத்துப் பூக்கள் என்றார். முன்பு வாசனை டப்பா அடித்த கைகளெல்லாம் தட்டின. முடிவில் புது மேலாளர், சிரித்த முகத்துக்காரி, கம்பெனிப் பத்திரிகைக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள்.

"நம்ம திருகாணி மேடம் நடுவுல நிக்கட்டும். எல்லாரும் அவங்க தோள்ல கை போட்டுக்கங்க. நாங்க யாரையும் விட்டுக்குடுக்க மாட்டோம்னு தெரியணும் இல்ல?"

பவுடர் ஏற்கெனவே பக்கத்தில் வந்து நின்று கையைத் தூக்கியிருந்தாள்.

"தொடாத" என்றாள் திருகாணி. சத்தமாகச் சொல்லவில்லை. "மேடம், எனக்கு இந்தப் படத்துல நிக்கப் பிடிக்கல. நிக்கணும்னு தீர்ப்புல இல்ல."

புது மேலாளரின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. திருகாணி கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அவள் இல்லாமலே எடுத்துக்கொண்டார்கள்.

புருஷன் வேனோடு வெளியே காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

"ஜெயிச்சாச்சு. அப்புறமும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

"ஜெயிச்சேன்தாங்க. நாளைக்கும் போவேன், நாளன்னிக்கும் போவேன். என் வேலை அது. என் இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்." ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். "ஆனா அதுங்களோட உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியாது. கொமட்டுது."

சொன்னபடியே செய்தாள். இப்போதும் அந்தக் கடைக்குப் போனால் கண்ணாடிக்கு அளவெடுப்பது அவள்தான். கூட வேலை செய்கிறவர்களோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் உண்டு. மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்குப் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.